52 ஏக்கர் பாரம்பரியம்

வாடகை பாக்கி வைப்பதற்கும் ஒரு குலப்பெருமை வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்டில், கொரோனா முடக்கத்தில் வியாபாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், ஊட்டி நகராட்சி மார்க்கெட்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். குற்றம்: வாடகை நிலுவை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதை அன்று பூட்டும் அரக்கும் கொண்டு நிரூபித்தார்கள். அந்த மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், அதே ஊரில், 52 ஏக்கர் சொச்சம் அரசு நிலத்தில் குதிரைப் பந்தய மைதானம் ஒன்று இருந்தது. அதன் குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது. பாக்கி 822 கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்ன அந்த வாசலில் பூட்டு விழுவதற்கு 2024 ஜூன் 21 வரை ஆயிற்று.

நாற்பத்தாறு வருஷம். மார்க்கெட்டுக்காரருக்கு மாதக் கணக்கு, கனவான்களுக்கு மாமாங்கக் கணக்கு. ஏறக்குறைய நாலு மாமாங்கம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதையும் ஏறக்குறைய 46 கிலோமீட்டர்தான். பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி, நடுவில் தண்ணீர் குடித்து, அது ஐந்து மணி நேரத்தில் மேலே வந்து சேர்ந்துவிடுகிறது. குத்தகைக் கோப்பு வருஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் ஏறியிருக்கிறது. யுனெஸ்கோ 2005-இல் ரயிலுக்குப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் கொடுத்தது. கோப்புக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

1978-இல் கோட்டையில் இருந்தவர் எம்.ஜி.ஆர். பிறகு கருணாநிதி வந்தார், ஜெயலலிதா வந்தார், மாறி மாறி வந்தார்கள். பன்னீர்செல்வம் வந்தார், பழனிசாமி வந்தார், ஸ்டாலின் வந்தார். கொடியின் நிறம் மாறியது, பாக்கியின் நிறம் மாறவில்லை. ஒவ்வொரு ஆட்சியிலும் மே மாதம் மலர்க் கண்காட்சி நடந்தது. அமைச்சர்கள் மலையேறினார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கார்னேஷன் பூவில் செய்த கோபுரத்தைப் பார்த்து வியந்தார்கள். பந்தய மைதானம் என்ன, தேயிலைச் செடிக்குள் ஒளித்துவைத்த மோதிரமா? பேருந்து நிலையத்தில் இறங்கினால் கண்ணெதிரே கிடக்கிறது. ரயிலில் வந்தாலும் அதன் ஓரத்தில்தான் இறங்க வேண்டும். ஊட்டிக்கு முதல்முறை வந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த மைதானம் வருவாய்த்துறைக்குத் தெரிய இத்தனை காலம் பிடித்தது.

வழக்கு இருந்தது என்பார்கள். உண்மைதான். மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கு நடத்தியது. அது அதன் உரிமை. ஏழைக்கு வழக்கு என்றால் வீடு போகும். கனவானுக்கு வழக்கு என்றால் வீடு நிலைக்கும். பந்தயம் அறிந்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்: ஓடிய குதிரைகளெல்லாம் தோற்க, நின்ற இடத்தை விட்டு அசையாத குதிரை 46 வருஷம் முதல் பரிசு வாங்கியது.

பெரிய தாய்வீட்டின் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னை கிண்டியில் அதே கிளப்புக்கு 160 ஏக்கர் 86 சென்ட். 1945-இல் போட்ட 99 ஆண்டுக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா. இதைச் சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள்: அறுநூற்றுப் பதினாலு ரூபாய், பதிமூணு அணா. மாதத்துக்கல்ல, வருஷத்துக்கு. ஊட்டியில் சீசன் சனிக்கிழமை இந்தப் பணத்துக்கு ஒரு குடும்பம் சுமாரான ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டை முடிக்க முடியாது. அணா செல்லாக் காசாகிப் பல தலைமுறை கடந்துவிட்டது, அணாவில் எழுதிய பத்திரம் மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. வாடகையை உயர்த்தி 730 கோடி ரூபாய் கேட்டது அரசு. கொடுங்கள் என்று 2023-இல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டம்பரில் அங்கும் சீல் விழுந்தது.

அந்தப் பதிமூணு அணாவை யார் எண்ணி வாங்கினார்கள், ரசீதில் எப்படி எழுதினார்கள் என்பதுதான் எனக்குத் தீராத ஆர்வம்.

பூட்டு விழுந்ததும் ஒரு புலம்பல் கிளம்பியது. 'ஐயோ, பாரம்பரியம்!' 1886-இலிருந்து ஊட்டியில் குதிரை ஓடுகிறது, சித்திரை பிறந்தால் பந்தயம் பிறக்கும், நீலகிரி டெர்பி என்ன, இரண்டாயிரம் கினி கோப்பை என்ன, தொப்பி அணிந்த சீமாட்டிகள் என்ன, இதையெல்லாம் அழிக்கலாமா என்று. லாயத்தில் வேலை செய்கிற ஏழைத் தொழிலாளியின் கதி என்ன என்றும் கண்ணீர் விட்டார்கள். அந்தத் தொழிலாளி பாவம், நிஜமாகவே பாவம். விடிவதற்கு முன்பு மலைக்குளிரில் எழுந்து சாணி வாரி, குதிரைக்குத் தேய்த்துவிட்டு, தனக்குக் கம்பளி இல்லாமல் அதற்குக் கம்பளி போர்த்தியவர். கனவான்களின் பேச்சில் அவர் இடம்பெற்றது அவர்கள் இடத்துக்குப் பூட்டு வந்த அன்றுதான். கேடயத்துக்கு அன்று ஒரு தோல் தேவைப்பட்டது.

சரி, பாரம்பரியம் என்கிறார்களே, அதையே பார்ப்போம். ஊட்டியின் பாரம்பரியம் கல்லும் மரமுமாக நிற்கிறது. எந்தக் கல் யாருடைய கல், எந்த மரம் எங்கிருந்து வந்த மரம் என்று கேட்டுப் பழகினால் சுற்றுலா ரொம்ப சுவாரசியமாகிவிடும்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். 1822-இல் கல் பங்களா கட்டத் தொடங்கினார். இடம் தோடர்களுடையது, ஏக்கர் ஒரு ரூபாய் விலை என்று சொல்வார்கள். எருமை மேய்த்துக்கொண்டு, புல்வெளியைத் தெய்வத்தின் இடம் என்று நம்பிக்கொண்டிருந்த மக்களுக்கு ரூபாய் எதற்கு என்று அவர் யோசித்திருக்கக்கூடும். ஆனால் சல்லிவனைச் சும்மா திட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. மலைமக்களின் நில உரிமைக்காகத் தன் மேலதிகாரிகளிடம் வாதாடியவர் அவர். மனைவியையும் மகளையும் இந்த மண்ணில்தான் புதைத்தார். வந்தவர்களில் கொஞ்சம் வெட்கம் இருந்த ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வெட்கம் அவரோடு கப்பலேறிவிட்டது.

அடுத்து செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம். 1829-இல் அடிக்கல், 1831-இல் திறப்பு. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்தரங்கள் கம்பீரமாக இருக்கும். அவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையை இடித்து எடுத்து வந்தவை. தோற்கடித்த ராஜாவின் அரண்மனையைப் பிரித்து ஆண்டவனுக்கு வீடு கட்டினார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியத்தை நம்மூரில் காலங்காலமாகக் கேலி செய்கிறோம். ஊட்டியில் அதைக் கைடு பெருமையாகச் சொல்லி ஐம்பது ரூபாய் வாங்கிக்கொள்கிறார்.

நீலகிரி நூலகத்தின் கட்டடமும் அழகுதான்; சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஷோம் வரைந்தது. கூர்வளைவு ஜன்னலில் மாலை வெயில் விழும்போது நான் கூட ஒரு நிமிஷம் கோபத்தை மறந்திருக்கிறேன். ஊட்டி கிளப் இருக்கிறது. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882-இல் அங்கேதான் எழுதி ஒட்டப்பட்டன என்பது உலகப் பெருமை. நாட்டுக்கு விதி எழுதிக் களைத்தவர்கள் பந்துக்கு விதி எழுதி இளைப்பாறினார்கள். அப்புறம் வேட்டை. இங்கிலாந்தில் நாய்க்கூட்டத்தோடு குதிரையில் ஏறிச் செம்மேனி நரியைத் துரத்துவது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. இங்கே அந்த நரி இல்லை. அதனால் என்ன, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நம் குள்ளநரியைப் பிடித்து அதற்கு நரி உத்தியோகம் கொடுத்தார்கள். சிவப்புக் கோட்டு, ஊதுகொம்பு, சீமை நாய் எல்லாம் அசல். உயிரை விட வேண்டிய பாத்திரம் மட்டும் உள்ளூர்.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். ஆளுநர் மாளிகையைச் சிரித்துக் கடக்க முடியவில்லை.

தாவரவியல் பூங்காவுக்கு மேலே வெள்ளை மாளிகையாக நிற்கிறதே, அது பக்கிங்ஹாம் கோமகன் கட்டியது. இங்கிலாந்தில் தன் குடும்பத்து மாளிகை ஞாபகமாகக் கட்டினார் என்பார்கள். அவர் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தது 1875 முதல் 1880 வரை. இந்த வருஷங்களைக் கேட்டதும் எங்கேயோ இடிக்கிறதா? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டிகளின் பாட்டிகள் சொல்லி, நம் பாட்டிகள் வரை நடுக்கத்தோடு வந்து சேர்ந்த அதே பஞ்சம். சேலத்திலும் கோயம்புத்தூரிலும் வட ஆற்காட்டிலும் மக்கள் வழியோரம் விழுந்து செத்தார்கள். வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற பெரிய மனிதர் வந்து, நிவாரண வேலையில் கல்லுடைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பந்தயக் குதிரையின் காலைத் தீனிக்குக் காணாது. அந்த ஐந்து வருஷ ஆட்சிக்குள்தான் மேலே கோமகனின் மாளிகை எழுந்தது. கீழே இருந்தவன் செத்த சத்தம் ஏழாயிரம் அடி ஏறி வராது. கோடைத் தலைநகரத்தை மலைமேல் வைத்ததன் பெரிய வசதியே அதுதான்.

மாகாணத்தின் அரசாங்கமே வருஷா வருஷம் மூட்டை கட்டி மலையேறும். சமவெளியில் வெயில் கொளுத்தும்போது ஆள வேண்டிய ஜனங்களைக் கீழேயே விட்டுவிட்டு ஆட்சி மட்டும் மேலே போகும். அந்தச் சீசனுக்குத்தான் நடனக்கூடம், அந்தச் சீசனுக்குத்தான் கிளப், அந்தச் சீசனுக்குத்தான் பந்தயம். இந்தப் பாரம்பரியத்தை நாம் கட்டிக் காக்கிறோம். மாளிகை வாசலில் செல்ஃபி எடுக்கலாம். அது எழுந்த வருஷங்களில் கீழே எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு பலகை வைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பந்தய மைதானத்துக்கு வருகிறேன். அந்த 52 ஏக்கர் யாருடையது? கிளப்புடையதா, அரசுடையதா என்று வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். இரண்டு தரப்பு வக்கீலும் சொல்லாத பதில் ஒன்று உண்டு: ஏரியுடையது. சல்லிவன் 1823-இல் தொடங்கி ஓடைகளைத் தடுத்துக் கட்டிய ஏரி இன்றைய படகு இல்லத்தோடு நின்றதில்லை. இன்று பேருந்து நிலையம் இருக்கும் இடமும் பந்தய மைதானமும் ஏரிப் பூங்காவும் அதன் வயிற்றிலிருந்து பிடுங்கியவை. மேல்புறத்தைத் தூர்த்து ஒரு ஆளுநரின் பெயரில் ஹோபார்ட் பார்க் என்று சமப்படுத்தினார்கள். சமதரை என்பது மலையில் தங்கம். தங்கத்தின் மேல் குதிரையை ஓடவிட்டார்கள். அந்த ஏரியும் தோடர் மேய்ச்சல் பள்ளத்தை மூழ்கடித்துக் கட்டியதுதான். ஆகக் கணக்கு இப்படி வருகிறது: தோடரிடமிருந்து ஏரி எடுத்துக்கொண்டது, ஏரியிடமிருந்து குதிரை எடுத்துக்கொண்டது, குதிரையிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதை இரண்டு நூற்றாண்டுகளில் பரிமாறி முடித்திருக்கிறோம்.

தண்ணீருக்கு நீதிமன்றம் தெரியாது. பெருமழை பெய்தால் ரயில் பாலத்துக்கடியில், மைதானத்தின் ஓரத்தில், பேருந்து நிலையத்தைச் சுற்றி அது வந்து நிற்கிறது. வழி தெரியாமல் நிற்பதல்ல, வீடு தெரிந்து வருகிறது. மற்ற நாட்களில் கோடப்பமந்து கால்வாய் ஊரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு அதே வழியே போய் ஏரியில் விழுகிறது. அதன் மேல் குடும்பத்தோடு மிதி படகு ஓட்டி, ஆஹா என்ன குளுமை என்று வீடியோ எடுக்கிறோம்.

பந்தயத்தைச் சட்டம் போட்டு நிறுத்தப் பார்த்த கதையும் உண்டு. 1974-இல் கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் நிறைவேற்றியது. சம்பளத்தை ரேஸில் விட்டு மண்ணெண்ணெய் குடித்த குடும்பங்களின் கதை அன்று சென்னையில் தெருவுக்கு ஒன்று இருந்தது. சட்டம் தூங்கியது, குதிரை ஓடியது. 1986-இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் போட்டது. 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த விளையாட்டு, கையகப்படுத்திய சட்டமும் செல்லாது. குதிரையின் திறமை, ஜாக்கியின் திறமை, பணம் கட்டுகிறவன் குலம் கோத்திரம் பார்த்துக் குதிரையைத் தேர்ந்தெடுக்கிற திறமை. ஏற்றுக்கொள்கிறேன், உச்சநீதிமன்றம் சொன்னால் சரிதான். ஆனால் மரத்தடியில் துண்டு விரித்து மூணு சீட்டு ஆடுகிறவனுக்கு அதைவிடக் கைத்திறமை வேண்டுமே. அவனை மட்டும் ஏன் போலீஸ் பிடரியில் அடித்து இழுத்துப் போகிறது? அவன் கோட்டு போடவில்லை. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

உடுப்பு இங்கே சின்ன விஷயமில்லை. 2014-இல் சென்னையில் வேறொரு கிளப் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தியது. அதற்குப் பிறகு, தமிழ்நாட்டில் வேட்டி கட்டிக்கொண்டு கிளப்புக்குள் போகலாம் என்று சட்டசபை கூடித் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் போய் 67 வருஷம் கழித்து! வாடகை கேட்க வந்த வருவாய் ஆய்வாளர்கள் ஒருவேளை வேட்டியில் வந்திருப்பார்களோ, அதனால்தான் 46 வருஷம் உள்ளே விடவில்லையோ என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பாரம்பரியக் கட்டடம் என்று இத்தனை பேசுகிறோமே, ஊட்டியின் மிகப் பழைய கட்டடக்கலை எது தெரியுமா? கல் பங்களா அல்ல. தாவரவியல் பூங்காவின் மேட்டில், கண்ணாடி மாளிகைகளையெல்லாம் தாண்டி ஏறினால் ஒரு தோடர் மந்து, அதாவது குடியிருப்பு. பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போன்ற குடில். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்தது. தவழ்ந்துதான் நுழைய வேண்டும், வாசல் அவ்வளவு சிறியது. மலைக்காற்றும் காட்டு மிருகமும் உள்ளே வராது. இரும்பாணி இல்லை, லண்டனிலிருந்து வரைபடம் இல்லை, எவருடைய அரண்மனையையும் இடிக்கவில்லை. அந்தக் கூரைக்கு வேண்டிய புல் மலைச் சதுப்புகளில் வளர்வது. சதுப்பைத் தூர்த்தோம், யூகலிப்டஸ் நட்டோம், கட்டடம் எழுப்பினோம், குதிரை ஓட்டினோம். இன்று கோயில் குடிலுக்குப் புது கூரை வேய வேண்டுமென்றால் தோடர்கள் புல்லைத் தேடி மலை மலையாக அலைகிறார்கள். மாதிரிக் குடில் ஒன்றைக் கட்டி வைத்து, அதன் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சுற்றுலாப் பயணிக்குச் சொல்கிறோம். இது அசல் மரபு. இதற்குப் பாரம்பரியப் பேச்சாளர்கள் யாரும் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. பூர்வீகம் 1822-இல் தொடங்குகிறது என்று அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

குதிரைப் பாரம்பரியம் மட்டும் தெருவிலேயே பார்க்கக் கிடைக்கும். சேரிங்கிராஸ் போங்கள், பேருந்து நிலையம் போங்கள், மார்க்கெட் பின்புறம் போங்கள். விலாவெலும்பு எண்ணும்படி, முழங்காலில் புண்ணோடு, குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு நிற்கும். படகு இல்லத்து வாசலில் குழந்தைகளை ஏற்றி இறக்கிச் சம்பாதித்துக் கொடுக்கும் வரை அதற்கு முதலாளி உண்டு. சீசன் முடிந்தால், கால் நொண்டினால், தெருதான். அங்கே அது தின்பது புல்லல்ல, நாம் தூக்கிப் போட்ட சோற்றுப் பொட்டலமும் பிளாஸ்டிக் பையும். பிளாஸ்டிக்கைத் தடை செய்த முதல் மாவட்டங்களில் ஒன்று நீலகிரி என்பதைக் குதிரைக்கு யாரும் சொல்லவில்லை போலும். அவ்வப்போது நகராட்சி நாலைந்தைப் பிடித்து அடைக்கும், உரிமையாளருக்கு அபராதம் என்று அறிவிக்கும். மறுவாரம் அதே குதிரை அதே தொட்டியில். சில நூறு மீட்டர் தள்ளி மைதானத்தில் வம்சாவளிப் புத்தகம் உள்ள குதிரைக்கு மருத்துவர், பயிற்சியாளர், எடை பார்த்த தீனி எல்லாம் இருந்தன, பூட்டு விழும் வரை. வம்சாவளி இல்லாத குதிரைக்குக் குப்பைத் தொட்டி. மனிதர்களிடம் நாம் பழகியதை விலங்குகளிடமும் பாரபட்சமில்லாமல் கடைப்பிடிக்கிறோம்.

இப்போது நிலம் அரசின் கையில். கைதட்டலாமா? தட்டத்தான் வேண்டும், தாமதமாக வந்தாலும் சரியான பூட்டு. ஆனால் நம் அரசுக்கு நிலம் கிடைத்தால் ஒரே ஒரு யோசனைதான் தோன்றும். அது எந்தக் கட்சி ஆண்டாலும் மாறாத கொள்கை. பூங்கா! தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தாயிற்று. சுற்றுச்சூழல் பூங்கா வருகிறதாம். ஊட்டியில் பூங்கா இல்லாமல் மக்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள் பாருங்கள். தாவரவியல் பூங்கா இருக்கிறது, 1995-இல் நூறாவது மலர்க் கண்காட்சிக்காகப் போட்ட ரோஜா பூங்கா இருக்கிறது, தேயிலைப் பூங்கா இருக்கிறது, கர்நாடக அரசின் பூங்கா இருக்கிறது, நூலால் செய்த பூக்களுக்கே ஒரு பூங்கா இருக்கிறது. ஏரிப் பூங்காவும் இருக்கிறது, ஏரியைக் குறைத்துப் போட்டது. மலையே பூங்காவாக இருந்த இடம் என்பது வேறு விஷயம்.

சுற்றுச்சூழல் பூங்கா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சுற்றுச்சூழலின் முதல் அங்கமாக டிக்கெட் கவுண்டர் வரும். சிமென்ட்டில் மரக்கட்டை போல வடித்த பெஞ்சு வரும். சிமென்ட் யானை, சிமென்ட் காளான், 'ஐ லவ் ஊட்டி' என்று எரியும் எழுத்து, அதில் ஓர் எழுத்து எரியாது. இசைக்கு ஏற்ப ஆடும் நீரூற்று. முதலமைச்சர் படம் போட்ட கல்வெட்டு, ஆட்சி மாறினால் அதன் மேல் ஸ்டிக்கர். பழைய மைதானத்தின் ஞாபகார்த்தமாக ஒரு சிமென்ட் குதிரையும் நிச்சயம், அதன் மேல் ஏறிப் படம் எடுக்க இருபது ரூபாய். பூங்காவுக்கு வருகிற வண்டிகளை நிறுத்தப் பூங்காவிலேயே இடம் ஒதுக்குவார்கள். மலை தாங்கவில்லை என்று உயர்நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்து, 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி போதும் என்று எண்ணிக் கட்டிப் போட்டது. ஒரு கை கதவை அடைக்க, இன்னொரு கை உள்ளே கூப்பிட இன்னொரு கடை திறக்கிறது.

கிண்டியில் மைதானத்தை எடுத்ததும் வெள்ளத்தைத் தாங்கக் குளம் வெட்டினார்கள். பக்கத்து வேளச்சேரி மூழ்கி மூழ்கிக் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஊட்டியில் குளம் வெட்டக்கூட வேண்டாம். ஏற்கெனவே வெட்டியதைத் தூர்த்த இடம். சும்மா விட்டால் போதும். தண்ணீர் தானே வரும், சதுப்பு தானே பிடிக்கும், புல் தானே முளைக்கும். கூரை வேயத் தோடர்கள் வந்து அறுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தப்புள்ளி இல்லை, கான்கிரீட் இல்லை, கமிஷன் இல்லை. இந்தக் கடைசிக் குறைதான் இந்தத் திட்டத்தை எந்த மேஜையிலும் ஏறவிடாது.

இன்னொரு குறையும் உண்டு. ஏரியின் நிலத்தை ஏரிக்குத் திருப்பிக் கொடுப்பது என்று ஆரம்பித்தால் குதிரையோடு நிற்க முடியாது. ஏரியின் வயிற்றில் உட்கார்ந்திருக்கும் அடுத்த ஆக்கிரமிப்பாளர் யார் என்று எல்லை அளந்தால், பந்தய மைதானத்துக்கு எதிரே, அரசுப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். குத்தகைப் பத்திரம்கூடக் கிடையாது. 614 ரூபாய் 13 அணாகூட ஏரிக்குக் கட்டியதில்லை. வட்டாட்சியர் அங்கே போய்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டட்டும், காலி செய்ய மார்க்கெட்டுக்காரருக்குக் கொடுத்த அதே அவகாசம் கொடுத்து. பசைக்குப் பணம் ஒதுக்க நிதித்துறை யோசித்தால் சொல்லி அனுப்புங்கள், நான் வாங்கித் தருகிறேன்.